அபூ கியாஸ் தோண்டிய கிணறுகள்

சண்டை ஓய்ந்து நாங்கள் அலெப்போவுக்குத் திரும்பிய முதல் குளிர்காலத்தில், பல நாள் என் வீட்டில் அடுப்பு எரியாது. நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்திப்பொழுதில் மக்ரிப் தொழுகை முடிந்ததும் படிக்கட்டில் "யா சத்தார், யா சத்தார்" என்று குரல் கேட்கும். பெண்கள் இருக்கிற மாடிக்கு ஓர் ஆண் ஏறிவரும்போது கொடுக்கிற குரல் அது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறப்பதற்குள் ஆள் இறங்கிப் போயிருப்பார். வாசலில் பழைய காகிதத்தில் சுற்றிய ரொட்டி இருக்கும். பிரித்தால் உள்ளே பருப்பும் கோதுமைக் குறுணையும் சூடாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் அண்டை வீட்டுத் தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒரு எலுமிச்சையாவது வைத்துத்தான் திருப்பித் தருவோம். என்னிடம் எலுமிச்சையும் இல்லை என்பது கீழ்வீட்டு அபூ கியாஸுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தட்டே இல்லாமல் ரொட்டியில் சுருட்டி வைத்தார். இது எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது. புரிந்த பிறகும் அவரிடம் நான் அதைப் பேசவில்லை. பேசினால் அவர் கூச்சப்படுவார்.

அவர் கிணறு போடுகிறவர். லாரியில் ஏற்றிய துளைபோடும் இயந்திரம் ஒன்று அவருக்குச் சொந்தமாக இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பிஸ்தா தோட்டங்களில் பாதிக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். சண்டையில் லாரியும் போயிற்று, இயந்திரமும் போயிற்று. மகன் கியாஸ் எல்லை தாண்டித் துருக்கியின் மெர்சினில் தையல் பட்டறையில் இருக்கிறான். அவனுக்கே அங்கே இழுபறிதான். அபூ கியாஸ் விடிந்ததும் கூலிக்காரர்கள் நிற்கிற முக்கில் போய் நிற்பார். கல் தூக்க ஆள் தேடி வருகிறவர்கள் அவருடைய நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே திரும்பி வந்துவிடுவார்.

அவர் மனைவி ஃபத்வாதான் வீட்டை ஓட்டினாள். உள்ளே குடைந்து, அரிசியும் கறியும் அடைத்துச் சமைக்கிற கூஸா என்கிற சின்னச் சுரைக்காய் இருக்கிறதே, அதைக் குடைந்து கொடுக்கிற வேலை. வேலைக்குப் போகும் பெண்கள் குடைந்த காயாகவே வாங்கிப் போவார்கள். காய்கறிக் கடை ஹாஜி ஷுக்ரி கூடை கூடையாக அனுப்புவார். இவள் குடைந்து அலுமினியத் தொட்டியில் திருப்பி அனுப்புவாள்.

எங்கள் படிக்கட்டுக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. மழை நாளில் ஃபத்வா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஹாஜி ஷுக்ரி நல்ல மனிதர்தான். ஆனால் ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. கை சரியாகும்வரை வேறு யாரிடமாவது கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அந்த வேலையை வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தருவார்களா? எத்தனை வீட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபத்வா தன் அண்ணன் ஊரான மன்பிஜுக்கே திரும்பிப் போய்விடலாம் என்றாள். சண்டைக்காலம் முழுக்க அங்கேதான் இருந்தார்கள். அண்ணன் முகம் கோணியதே இல்லை. ஆனால் அங்கே இரண்டாவது ரொட்டியை எடுக்குமுன் தன் கணவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அதிகாலை சுப்ஹு தொழுதுவிட்டு வந்த அபூ கியாஸ் முக்குக்குப் போகாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அவளுடைய குடைகம்பியையும் வீட்டில் மிஞ்சியிருந்த கூடைகளையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

முதல் காய், அடியில் ஓட்டை. அடுத்ததும் ஓட்டை. ஓட்டை விழுந்த காயில் அரிசி நிற்காது, கடைக்கு ஆகாது. வலியோடு படுத்திருந்த ஃபத்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது கிணறு இல்ல மனுஷா. அடியில தண்ணி கிடையாது. நில்லு."

"நிக்கத்தான் எனக்குத் தெரியாதே. பாறை தட்டினாலும் நான் நின்னதில்ல."

அந்த வாரம் முழுக்க இந்தக் கட்டடமே தயிர் ஊற்றிய ஓட்டைக் கூஸாதான் சாப்பிட்டது. பிறகு கை படிந்தது. கம்பியைத் தள்ளாமல் காயைத் திருப்பினார். கம்பி அடியை நெருங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. ஒற்றைக் கையாலேயே குடைந்து தருகிறேன் என்று ஃபத்வா கடைக்குச் சொல்லியனுப்ப, கூடைகள் மறுபடி வந்தன. தொட்டிகளை அவளே இடது கையால் பிடித்துக் கடை ஆளிடம் கொடுப்பாள். ஒற்றைக் கையால் எப்படிக் குடைகிறாள் என்று கடையில் வியந்தார்களாம். திரை மூடியே இருந்தது. பெண்கள் வேலை செய்கிறார் என்று தெருவுக்குத் தெரிந்தால் இவர் கம்பியைப் போட்டுவிடுவார், பிறகு மன்பிஜ்தான் என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள்.

ஒருநாள் அவசரமாகக் காய் வேண்டியிருந்து ஹாஜி ஷுக்ரியே நேரில் வந்துவிட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், ஃபத்வாவுக்குத் துணி அலசிக் கொடுத்துக்கொண்டு. கதவை நான் சாத்த மறந்திருந்தேன். மாவுக்கட்டுக் கையோடு ஃபத்வா ஒரு பக்கம் நிற்க, நடுவில் கூஸாச் சக்கைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் தோட்டத்துக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த மனிதர். ஹாஜிக்கு நாக்கு சும்மா இருக்காது.

"என்ன அபூ கியாஸ், தண்ணி வந்துச்சா?"

ஃபத்வா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அபூ கியாஸ் முகம் சிவந்தது. கையில் இருந்த காயைக் கீழே வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

"இன்னும் ரெண்டு முழம் போகணும் ஹாஜி. காபி குடிங்க, அதுக்குள்ள வந்துரும்."

ஹாஜி சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காபியும் குடித்தார். மறுநாள் கூஸாவோடு கத்தரிக்காய்க் கூடையும் வந்தது.

தெரு முழுக்கப் பேச்சு பரவியது. மறைக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஆனதும் அபூ கியாஸ் திரையைக் கழற்றினார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெயில் விழுகிற வாசலுக்கே வந்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் தண்ணி வந்துச்சா என்று கேட்பார்கள். அவரும் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார். மருந்துக்கடைக்காரரிடம் உப்புத் தண்ணி என்பார். இமாமிடம் துஆ செய்யுங்கள் என்பார். முன்பு பஸ் ஓட்டிய நூமான் கேலி பண்ண வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்தான், இப்போது அவர் மடியிலும் ஒரு தொட்டி. ஃபத்வாவின் கை குணமானது. ஆனால் கம்பியை அவர் திருப்பித் தரவில்லை. அவள் இன்னொன்று வாங்கிக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ், பணக்காரர்கள் ஆகவில்லை. மேசையில் ரொட்டி இருந்தது, அவர் யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துச் சாப்பிட்டார்.

இலையுதிர் காலத்தில் என் மகள் ஹமாவுக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். தனியாக இருந்தது போதும், எங்களோடு வந்து இருங்கள் என்றாள். எனக்குப் போகவும் மனம், போகாமல் இருக்கவும் மனம். அபூ கியாஸ் என் மூட்டையை வேன் வரைக்கும் தூக்கி வந்தார். உள்ளே வைத்துவிட்டு, வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மகள் வீடுதான் தங்கச்சி, இருந்தாலும் விருந்தாளியா மட்டும் இருந்துராத. போய் இறங்கின அன்னிக்கே கேக்காம சமையக்கட்டுக்குள்ள போய் ஒரு வேலையக் கையில எடுத்துக்க. அப்புறம் நீ கேட்டாலும் உன்னை யாரும் விருந்தாளின்னு சொல்ல மாட்டாங்க."