பாதி சுவரொட்டி

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இது நடந்தது. இடம், உத்திரமேரூர் பஜாரில் ஒரு கறிக்கடை. கையில் தெர்மோகோல் டப்பா, அதற்குள் ஐஸ். தலைகூட வாராமல் காலங்காத்தாலே கடை வாசலில் நின்றிருந்தேன். சொந்த ஊராயிற்றே, தெரிந்தவர்களெல்லாம் "வூட்ல விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விசேஷமும் இல்லை, விருந்தும் இல்லை. எனக்கு வேண்டியது ஓர் ஆட்டுச் சுவரொட்டி, அவ்வளவுதான்.

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கிற பெண்களுக்குத் தேடித் தேடி வாங்கிக் கொடுப்பார்கள். இரும்புச் சத்து அதில் அதிகம். அந்த இரும்பைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பது ஃபெரிடின் என்கிற ஒரு புரதம். நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ஆட்டு ஃபெரிடினின் உருவத்தை அணு அணுவாகப் பார்ப்பதுதான் என் வேலை. புரதத்தைத் தண்ணீரோடு சேர்த்துக் கண் இமைக்கும் நேரத்தில் உறைய வைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வேண்டும். அந்த மிஷின் எங்களிடம் கிடையாது, வேறு ஊரில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் காத்திருந்து ஒரே ஒரு நாள் வாங்கியிருந்தேன். அடுத்து வந்த வியாழக்கிழமை.

ஊருக்கு வந்திருந்த சனிக்கிழமை சாயங்காலம் லேபிலிருந்து போன். சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் மிஷினில் குழாய் உடைந்து, நான் பிரித்து வைத்திருந்த புரதம் அத்தனையும் கொட்டிவிட்டதாம். எனக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வியாழக்கிழமையை விட்டால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதற்குள் என் படிப்புக் காலமே முடிந்துவிடும். சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே கறிக்கடைகளில் எலும்புதான் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இந்தக் கோலத்தில் பஜாருக்கு ஓடி வந்தேன்.

கடைக்கார பாய் அன்றைக்கு இரண்டு ஆடு அறுத்திருந்தார். ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதானே? ஒன்று அதற்குள் போய்விட்டது. இன்னொன்று இலையில் மடித்துத் தராசுக்குப் பின்னால் இருந்தது. கெஞ்சினேன். மிஷின், வியாழக்கிழமை, படிப்பு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கொத்துகிற கத்தியை நிறுத்தவே இல்லை.

"மாசமா கீற பொண்ணுக்குச் சொல்லி வச்சதும்மா. உன் மிஷினு எங்கயும் ஓடிப்போவாது. வயித்துல கீற புள்ள காத்துக்கினு இருக்குமா?"

நகர மனசு வராமல் அங்கேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். ஏழு மாதம் இருக்கும். முகம் வெளுத்துப்போய், நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. "வாம்மா, உன் சொவரொட்டிக்குப் போட்டிக்கு ஆள் வந்து கீது" என்று பாய் என்னைக் காட்டிச் சிரித்தார். எனக்கு மானமே போயிற்று. பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: மாத்திரையும் ஊசியும் போய்க்கொண்டுதான் இருக்கிறதாம். இன்னும் ரத்தம் ஏறாவிட்டால் பிரசவத்தை இங்கே பார்க்க முடியாது, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாராம். புருஷன் லாரியில் வெளியூர் போகிறவர். அங்கே கூட இருக்க ஆள் இல்லை. இதைக் கேட்ட பிறகு டப்பாவை மூடினேன்.

அவள்தான் விடவில்லை. "இன்னாக்கா, அத்த வச்சி இன்னா பண்ணுவ?"

சொன்னேன். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பந்துகள் இருக்கின்றன, பந்துக்குள் காலியிடம், அங்கேதான் இரும்பு இருக்கிறது, அந்தப் பந்து எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்றேன். கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தா, என்ன மாதிரி ரத்தம் இல்லாதவங்களுக்கு மருந்து வருமா?"

'வரும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "தெரியாதும்மா. இப்போதைக்கு வராது. எப்படி இருக்குன்னு பாக்கத்தான் போறேன்" என்றேன்.

அவள் பாயிடம் திரும்பி, "பாதியா அறு பாய்" என்றாள்.

வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று பதறினேன். அவள் சிரித்தாள். "எனக்கு இத்த கண்டாலே கொமட்டுதுக்கா. முழுசா குடுத்துட்டா எனக்கு ஜாலிதான். ஆனா இது என்னுது மட்டும் இல்ல, புள்ளையுதுந்தான். அதான் பாதி. உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு எனக்கும் காட்டணும், ஆமா."

பாய் சரி பாதியாக அறுத்து, ஒரு துண்டை என் ஐஸில் வைத்தார்.

பாதி போதுமா என்ற பயத்தோடுதான் லேபில் அதை அரைத்துச் சூடாக்கினேன். மற்ற புரதமெல்லாம் பால் திரிகிற மாதிரி திரிந்து அடியில் தங்க, ஃபெரிடின் மட்டும் அந்தச் சூட்டுக்கு அசையாமல் செம்பழுப்புத் தண்ணீராக மேலே நின்றது. போதுமான அளவு இருந்தது. வியாழக்கிழமை திரையில் முதல் படம் வந்தபோது, சின்னச் சின்ன வட்டங்களாக அத்தனை பந்துகள்! அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். ஆயிரக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்று சேர்த்து முழு உருவம் கிடைக்க இன்னும் பல வாரம் ஆனது. இருபத்து நான்கு துண்டுகள் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொண்ட ஓர் உருண்டை. என்ன அழகு தெரியுமா!

கார்த்திகையில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு, பாயிடம் வழி கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். மடியில் பெண் குழந்தை. உத்திரமேரூரிலேயே பிரசவமாம். மாத்திரை காப்பாற்றியதா, ஊசி காப்பாற்றியதா, அந்த மீதிப் பாதிக்கும் பங்கு உண்டா, எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அது மட்டும் தெரியும்.

படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இரும்பு எங்க கீது?" என்றாள். நடுவில் இருந்த காலியிடத்தைக் காட்டினேன். அங்கே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு குழந்தையின் முகத்துக்கு நேரே படத்தைப் பிடித்து, "பாருடி, இத்தத்தான் உங்கம்மா மூக்கப் புடிச்சிக்கினு துன்னேன்" என்றாள்.

இதையெல்லாம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது என்று தெரிந்தபிறகும், பார்க்கிற ஆசைக்காகவே தன் பங்கில் பாதியை அறுத்துக் கொடுத்தவளின் அந்த முகம்தான் அப்போதெல்லாம் என் கண் முன்னே வந்து நிற்கிறது.