தென்னேரிக் கரையில் செவலை

பேரன் கைப்பேசியில் நாய்க்குட்டியின் படத்தை விரலால் தடவி, அதைப் பனிமலை மேல் நிற்கவைத்தான். எண்ணிப் பார்த்தேன், நான்கு நொடி. எங்கள் மாமாவுக்கு இதே வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்று பிளேடு செலவானது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பத்து என்று அண்ணன் சொல்வது தவறு. மழை பொய்த்த வருஷம். கடைசிக் கட்டு வைக்கோலும் தீர்ந்த மறுநாள், செவலைக் காளையை அப்பா லாரியில் ஏற்றிவிட்டார். தென்னேரிக்குப் போயிருக்கிறது, அங்கே ஏரிக்கரையில் புல் இருக்கிறது என்று தங்கையிடம் சொன்னார். அவளுக்கு ஐந்து வயது. லாரி அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதை அவள் பார்த்திருந்தாள். ஏழு வேளை சோற்றைத் தொடவில்லை. உடம்பு சுடத் தொடங்கியதும் அம்மா பயந்துபோய்த் தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.

மாமா உத்திரமேரூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டுச் சுவரோரம் எடுத்த செவலையின் படத்தைக் கத்தரித்து, நிரம்பிய ஏரியின் படத்தில் ஒட்டி, ஓரங்களைப் பென்சிலால் மழுப்பி, மறுபடி படம்பிடித்துக் கொண்டுவந்தார்.

"பாரு கண்ணு, செவலை தென்னேரில ஜம்முனு கீது."

சாம்பல் நிறத் தண்ணீர் வானம்வரை போனது. செவலை புல்லில் நின்றதா, மிதந்ததா தெரியவில்லை. கொம்புகளில் பொங்கல் பலூன் இரண்டும் அப்படியே இருந்தன. தங்கை இமைக்காமல் பார்த்தாள்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னங்கால்களுக்கு நடுவே, பிளேடு புகாத இடத்தில், எங்கள் சுவர். அதில் மூன்று வறட்டி.

"ஏரிக்கு நடுவுல நம்ம வூட்டு வறட்டி இன்னா பண்ணுது மாமா?"

"கம்முனு கெடடா, பெரிய கணக்குப்புள்ள."

தங்கையின் உதடு பிதுங்கியது. அப்பா பக்கம் திரும்பினாள். "வறட்டியா நைனா அது?"

அப்பா படத்தை வாங்கிக் கண்ணருகே வெகுநேரம் பிடித்திருந்தார். "பாறைம்மா. அந்தக் கரைல அப்பிடித்தான் கீது. நானே பாத்துட்டு வந்தேன்."

"புல்லு துன்னுதா?"

"துன்னுக்கினேதான் கீது."

அவள் வாயைத் திறந்தாள். அம்மா ஊட்டியது பதினொரு உருண்டை.

எனக்கோ வேறு கவலை. மூன்று வறட்டியும் தட்டிய விரல் தடத்தோடு தெரிந்தன, அப்பாவுக்குத் தெரியவில்லை. அவருக்குப் பார்வை போய்விட்டது, காஞ்சிபுரம் கூட்டிப்போய்க் கண்ணாடி போட வேண்டும் என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்ததையும் அதற்கு அத்தாட்சியாகச் சேர்த்துச் சொன்னேன்.