எர்த் கம்பத்தில் மஞ்சள் பெயிண்ட்

எண்ணெய்ப் படகுகள் வந்து நிற்கும் துறையில் பெயிண்டரை எல்லோரும் 'பளபளா' என்றுதான் கூப்பிடுவார்கள். துருவைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டு படி, கைப்பிடி, தூண் என்று மஞ்சள் அடித்துத் தள்ளினார். படகு கட்டும் இடத்தில் ஒரு இரும்புக் கம்பம், உள்ளங்கை அகலத்துக்குச் சொறி பிடித்தாற்போல் வெறுமையாக இருந்தது. அதையும் மூடிவிட்டார்.

அது எர்த் கொடுக்கும் இடம்; படகில் சேரும் மின்சாரம் அதன் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். படகிலிருந்து வரும் ஒயரின் கவ்வி அந்த வெற்று இரும்பைக் கடித்த பிறகுதான் எண்ணெய்க் குழாயையே மாட்டுவார்கள். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும், மொத்தமும் சாம்பல். பெயிண்டருக்கு இது தெரியாததல்ல. அழகு கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் காலை எண்ணெய்ப் படகு வந்தது. கவ்வியை மாட்டி மீட்டர் வைத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன், பெயிண்ட் மறித்திருப்பதைக் கண்டு கையை உயர்த்தி வேலையை நிறுத்தினார். அவர் பெயிண்டரின் தங்கை புருஷன்.

சூப்பர்வைசர் ஓடி வந்து எலக்ட்ரீஷியனைப் பிடித்துக்கொண்டார். "வெளியாளுங்களுக்கு என்னய்யா தெரியும்? பாத்துக்க வேண்டியது நீதானே? அத்தனை பேரையும் கொளுத்தப் பாத்தியா?"

எலக்ட்ரீஷியன் குனிந்து பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். நாலடி தள்ளி நின்ற பெயிண்டர் 'நான்தான்' என்று சொல்லவில்லை. மஞ்சள் ஒட்டிய கைகளை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனால் அவள் பொரிந்து தள்ளினாள். "எந்தப் புண்ணியவான் பூசினானோ, இவரு வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்காரு. நீயும் அங்கதானேண்ணே இருந்தே? ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

"நான்தாம்மா பூசினேன்."

அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் நிமிரவில்லை. "தெரியும் மச்சான். ஒரு சொட்டுகூட ஒழுகல. வெளியாளுங்க அப்படிப் பூசுவாங்களா?"

"அப்ப ஏன் மாப்ளே நீங்க சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெயிண்டருக்குக் காது மடல்வரை சுட்டது.

மறுநாள் ஆட்கள் கூடியிருந்த நேரம் பார்த்து சூப்பர்வைசரிடம் ஒப்புக்கொண்டார். "அதான் சுரண்டியாச்சே, விடுய்யா," என்றார் அவர்.

"மாப்பிள்ளைமேல தப்பில்லைன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

"சொல்லலாம், சொல்லலாம்."

அவர் சொல்லவே இல்லை. மாப்பிள்ளை என்னவோ எப்போதும்போல்தான் பேசினார். பெயிண்டருக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வெகுநாள் பிடித்தது.