ஞாயிற்றுக்கிழமை லாஞ்சு

கடல் கடந்து மூதூர் போகும் லாஞ்சுப் படகில் ஞாயிறுதோறும் அவவைக் காண்பேன். லாஞ்சு புறப்படும் துறைமுகத்தடியில் தையல்கடை வைத்திருந்தவ. மெலிந்த முகம், கழுத்தில் அளவுநாடா. பக்கத்தில் கடைப் பங்காளியான, கிண்ணியா ஊர்ப் பெண். இருவரும் மூதூரில் இறங்காமல் அதே லாஞ்சிலேயே திரும்புவார்கள்.

ஒருநாள் கேட்டேன். "ஏனக்கா இறங்கிறேல்லை?"

"கடையில இருந்து யோசிக்க ஏலாது தம்பி, ஆராவது வந்துகொண்டே இருப்பினம். பள்ளிக்கூட உடுப்போட நிப்பமோ, கலியாண உடுப்பும் தைப்பமோ எண்டு இங்கதான் கதைக்கிறம்."

"அது சரிவராமல் பிழைச்சுப் போனால்?"

"இருக்கிற கடையும் போயிடும்," என்று கடலைப் பார்த்தா.

பங்காளி மெல்லச் சொன்னா, "ஓம். ஆனா தைக்கத்தான் ஆசையாக் கிடக்கு."

சில வாரங்களின் பின் அவர்களின் கடைக் கண்ணாடிக்குள் சரிகை வைத்த கலியாணச் சட்டையொன்று தொங்கியது. அதன்பின் இருவரும் லாஞ்சுக்கு வரவில்லை. நடுக்கடலில் எந்த இடத்தில் துணிந்தார்களோ என்று இன்றும் தண்ணீரைப் பார்த்தபடி போகிறேன்.