நிருபர் வந்திருக்கிறார்

புனே விமான் நகரில் ஒரு பழைய படம் போட்டார்கள். செய்யாத கொலைக்குச் சிறை சென்றவனை ஒரு நிருபர் மீட்கும் கதை. அதைப் பற்றிப் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். நரைத்த பின்னலோடு ஒரு தமிழ்ப் பெண்மணி வழிமறித்தார். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"என் பையனும் செய்யாத கொலைக்குத்தான் ஜெயில்ல இருக்கான் சார். சாப்பாட்டையே விட்டுட்டான்."

"நான் சினிமா விமர்சனம் எழுதறவன்மா. வழக்கெல்லாம் தெரியாது."

"படத்துல வர்றவருக்கும் மொதல்ல ஒண்ணும் தெரியலையே. ஒரு தடவை வந்து அவனைப் பாருங்க."

சனிக்கிழமை அவரோடு சிறைக்குப் போனேன். உறவினருக்கு மட்டும்தான் அனுமதி என்று மராத்தியில் சொல்லிக் காவலர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே போய் மகனைப் பார்த்துத் திரும்பிய பெண்மணியின் முகம் தெளிந்திருந்தது.

"நிருபர் வெளிய நிக்கறார்னு சொன்னேன். சாப்பிடறேன்னுட்டான்."

நான் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.