ஹம்மர்பெஸ்ட் பொம்மையின் சட்டை

பொம்மை திருத்தும் வேலைக்கு வந்த முதல் நாளே முதலாளி ஒரு விதி சொன்னார்: பொம்மையின் உடம்பில் தண்ணீர் படக்கூடாது. பழைய ஜெர்மன் பொம்மைகளுக்குத் தலை மட்டும்தான் பீங்கான். உடம்பு மரத்தூளும் பசையும். ஈரம் பட்டால் ஊறிப்போகும். சட்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒஸ்லோ ஓட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் பன்னிரண்டு வருடம் நின்றவனுக்குச் சட்டை தோய்க்க யார் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு.

கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்கள். பொம்மையின் பொய்முடியைத் தூக்கிப் பிடரியில் தொழிற்சாலை முத்திரை பார்ப்பார்கள், தலைக்குள் சின்ன லைட்டை விட்டு மயிரிழை வெடிப்புத் தேடுவார்கள், பிறகுதான் என் முகத்தையே பார்ப்பார்கள். போன குளிர்காலம் ஹவுகெட்டோவிலிருந்து வந்த நோர்வேஜிய அம்மா அப்படியில்லை. வயது எண்பத்தேழு. தகரப் பெட்டியொன்றைத் தந்து, பொம்மையின் கை கால் கழன்றுவிட்டது, உள்ளே இழுத்துப் பிடிக்கும் இலாஸ்டிக்கை மாற்ற வேண்டும் என்றார்.

பெட்டியைத் திறந்ததும் பழைய புகை மணம் மூக்கில் அடித்தது. இலாஸ்டிக் வேலை ஒரு மணித்தியாலம். அதோடு விட்டிருக்கலாம். ஒருவர் தந்த சாமானை அழுக்கோடு திருப்பிக் கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லையே. சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து, சோற்றுக் கஞ்சி போட்டு, ஸ்திரிக்கை பிடித்தேன். பழுப்பெல்லாம் போய் வெள்ளை வெளேரென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அம்மா பொம்மையை வாங்கி நேரே முகத்தோடு அணைத்தார். பிறகு சட்டையின் உள்பக்கத்தை மணந்து பார்த்தார்.

"புகை மணம் எங்கை?"

தோய்த்துவிட்டேன் என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜெர்மன் படை வடக்கு நோர்வேயில் அவருடைய ஊரான ஹம்மர்பெஸ்ட்டை எரித்துவிட்டுப் பின்வாங்கியபோது அவருக்கு ஆறு வயதாம். படகில் ஏறும்போது கோட்டுக்குள் இந்தப் பொம்மை மட்டும்தான் இருந்ததாம்.

"எங்கட வீட்டிலை மிஞ்சினது அந்த மணம்தான்," என்றார்.

ஏசவில்லை. வேலை நல்ல துப்புரவு என்று நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டில் மனிசியிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட அப்பா கடைசியாப் போட்ட சேட்டை நான் மெஷினுக்குள்ளை போடப் போகேக்கை என்ன கத்துக் கத்தினனீங்கள்? உங்களுக்குத் தெரியாததே இது?"

தெரியும். அதுதான் வெட்கம்.

இப்போது பொம்மை வந்தால் முத்திரை பார்க்க முன்னமே கேட்டுவிடுகிறேன்: இதில் எதைத் தொடக்கூடாது? இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதை மட்டும் கேட்கப் பழகினால் போதும். அப்பாவின் சேட்டு, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த அதே பைக்குள், இன்னும் தோய்க்காமல் இருக்கிறது.