அரைக்கட்டை ஏறிய கீபோர்ட்

அன்றைக்கு டிக்கோயாவில் அந்தக் கல்யாண மண்டபத்து மேடையில் நின்றது ஐந்து பேர். கீபோர்ட்காரர் சந்திரன் அண்ணன், பாடுகிற யோகேஸ் அக்கா, புல்லாங்குழல் தவம், பெண்ணின் அப்பா, நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் ரிப்பேர் செய்த கீபோர்ட் முதல் தடவை மேடை ஏறுகிறதே என்ற பயத்தில், ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயனைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்டனில் பஸ் ஏறிவிட்டேன்.

என் ரிப்பேர் கடைக்கு வந்தபோது அந்தக் கீபோர்டில் லைட் எரிந்தது, சத்தம் இல்லை. உள்ளே கிறிஸ்டல் செத்திருந்தது. கிறிஸ்டல் என்பது தகர உறை போட்ட, நகமளவு சாமான். அது ஒரே சீராகத் துடிக்கும். பக்கத்திலிருக்கும் கிளாக் சிப் அந்தத் துடிப்பை வைத்துத்தான் சர்க்யூட் போர்ட் முழுக்க வேகம் கொடுக்கும். பழையதின் உறையில் துடிப்பு வேகம் 16.0000 என்று இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சீடி பிளேயரில் கழற்றிய 16.9344. நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் சில்லறை என்று நினைத்தேன். மாட்டியதும் எல்லாக் கீயும் பாடியது. ஈயம் ஒழுங்காகப் பிடித்ததா என்று மட்டும் நாலு தரம் பார்த்தேன்.

மேடையில் ஒத்திகை தொடங்கியதும் குழலும் கீபோர்டும் சண்டை போட்டன.

"தவம், இந்தக் குளிருக்கு ஒன் குழல் வெறைச்சிருச்சு. அடுப்புல காட்டிட்டு வா," என்றார் சந்திரன் அண்ணன்.

"காட்டுறேன். அப்படியே ஒங்க காதையும் குடுங்க."

யோகேஸ் அக்கா இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார். "அண்ணே, அஞ்சு கட்டைன்னு சொல்லிட்டு அஞ்சரையில வாசிக்கிறீங்க. எனக்கு ஏறல."

பெண்ணின் அப்பா போனைக் கையில் எடுத்தார். "இன்னும் அரை மணியில மாப்பிள வீட்டாளுக வந்துருவாங்க. ஒங்களால ஏலாட்டி சொல்லுங்க, ஹட்டன்ல டீஜே இருக்கான்."

சந்திரன் அண்ணனுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு கிடைத்த முதல் கல்யாணம் அது. புள்ளிக்குப் பின்னால் இருந்த சில்லறை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. துடிப்பு கூடினால் எல்லாச் சுரமும் சேர்ந்துதானே ஏறும்? குழல் பக்கத்தில் இல்லாமல் கடையில் தனியாக வாசித்தால் யாருக்குத் தெரியும்?

"அண்ணே, தப்பு என்னோடது. கிறிஸ்டல் கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டேன்."

"கொஞ்சம்னா?"

"பதினாறுக்குப் பதினேழு... கிட்டத்தட்ட."

அவர் என்னை முறைத்தார். பிறகு தலையைக் குனிந்து ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தரம் கீழே அமுக்கினார். அது சுருதியை அரைக்கட்டை இறக்கும் பட்டன். தவம் ஊதினான். இரண்டும் ஒட்டிக்கொண்டன. கீபோர்டின் தாளமும் வேகமாக ஓடுவதாக யோகேஸ் அக்கா சொன்னார், அண்ணன் அதையும் குறைத்தார்.

"ஒன் அதிர்ஷ்டம்டா தம்பி, சரியா அரைக்கட்டையில தப்புப் பண்ணியிருக்க," என்றார் அண்ணன். பெண்ணின் அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டார்.

இப்போதெல்லாம் கிறிஸ்டல் மாற்றினால், பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி இலக்கம் வரை வாசிக்கிறேன். கொழும்பிலிருந்து சரியான 16.0000 எடுத்துத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அதை மாட்டினால்தான் ரிப்பேர் கூலியில் மிச்சக் காசு என்றார் அண்ணன். ஆனால் கீபோர்டைத்தான் கொண்டுவர மாட்டேன் என்கிறார். "இந்தக் கிழமையும் கல்யாணம் இருக்குடா. நல்லா ஓடுறதுல நீ கை வைக்காத."

மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.